முன்சீட்டின் முனகல்

டாக்டரம்மா முகம் சுளிக்காமல்தான் சொன்னார். ஆனால் கெடு வைத்துச் சொன்னார்.

"திங்கக்கிழமைக்குள்ள இந்தச் சீட்டு சத்தத்த நிறுத்திடுங்க டிரைவர். காலையில இத கேட்டுட்டுப் போனா, பல்லு புடுங்குறப்ப எனக்குக் கை உதறுது. இல்லேன்னா நான் வேற வண்டி பாத்துக்கிறேன்."

அவர் பல் டாக்டர். காலையில் ஒரு கிளினிக், மாலையில் இன்னொன்று. இரண்டுக்கும் என் காரில்தான் போய்வருவார். பின்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும் என்பதால் எப்போதும் முன்சீட்டில், என் பக்கத்தில். என் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஒரு நிரந்தரச் சவாரியால்தான்.

நான் எதையும் முறையாகச் செய்கிறவன். ஒரு நோட்டுப் போட்டு, சத்தம் எப்போதெல்லாம் வருகிறது என்று குறித்தேன். நேர்ச்சாலையில் இல்லை. திருப்பத்தில் உண்டு. லாரியை முந்தும்போது உண்டு. சிக்னல் சிவப்பாகிவிடுமுன் தாண்டும்போது கட்டாயம் உண்டு. சீட்டு காலியாக இருந்தால் எங்கே சுற்றினாலும் மூச்சு விடாது. ஆகவே எடைதான் காரணம் என்று முடிவு கட்டினேன். டாக்டரம்மாவிடம் எடையைக் கேட்கும் துணிச்சல் எனக்கில்லை. குத்துமதிப்பாக அறுபது கிலோ என்று வைத்து, இரண்டு மணல் மூட்டைகளை ஏற்றி, பெல்ட்டும் மாட்டி, அதே வழியில் அதே வேகத்தில் ஓட்டினேன். ஒரு முனகல்கூட இல்லை.

வீட்டில் சொன்னபோது, தான் உட்கார்ந்தாலும் அது கத்தத்தான் செய்யும் என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த நேரத்தில் சாமியைக் கூப்பிடவே சரியாக இருந்ததாம்.

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சீட்டைக் கழற்றி, அது முன்னும் பின்னும் நகரும் அடித் தண்டவாளத்தைத் துடைத்து, கிரீஸ் வைத்து, திரும்ப மாட்டி உலுக்கிப் பார்த்தார். சத்தமில்லை. ஓட்டிக் காட்டுங்கள் என்று தானே ஏறி உட்கார்ந்தார். மூன்றாவது திருப்பத்தில் சீட்டு முனகியது. பஸ்ஸை முந்தியபோது இன்னும் பலமாக. அவர் சீட்டைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்தார். வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தரையோடு சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தது.

காலால் தரையை உதைத்தால் முதுகு சாய்மானத்தைப் பின்னால் தள்ளுமாம். சாய்மானத்தைப் பிடித்திருக்கும் போல்ட் லூசாகி, அதுதான் கத்துகிறதாம்.

"மூட்டை பிரேக் போடாதுல்ல அண்ணே," என்றார். "ஒண்ணு, போல்ட்ட இறுக்கணும். இல்ல, நீங்க கொஞ்சம் மெதுவா ஓட்டணும்."

பதினெட்டு வருடத்தில் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவன் நான். மற்ற வண்டிக்காரர்களும் சமயமறிந்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். போல்ட்டையே இறுக்கிவிடுங்கள் என்றேன். பட்டறைக்கு மீதி தூரத்தை நடந்தே வந்துவிடுவதாகச் சொல்லி அவர் இறங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை சீட்டு வாயே திறக்கவில்லை. செவ்வாயன்றும் அப்படியே. அந்தச் சந்தோஷத்தில் நான் கொஞ்சம் சுறுசுறுப்பாகவே ஓட்டினேன். புதன்கிழமை கிளினிக் வாசலில் நிறுத்தியதும் அவர் இறங்காமல் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"இத்தன நாளா சத்தத்தாலதான் கை உதறுதுன்னு நெனச்சேன் டிரைவர். இப்ப சத்தமே இல்ல. உதறல் அப்படியே இருக்கு."

மெக்கானிக்கிடம் மறுபடி காட்டுகிறேன் என்றேன். அவர் என்ன கோளாறு சொன்னார் என்று டாக்டரம்மா விசாரித்தார். ஒரு போல்ட் என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

இல்லை என்றேன். இரண்டு வேளையும் பல் தேய்க்கிறேன் என்று சொல்லும் நோயாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு, சாயங்காலம் வர வேண்டாம், நாளைக்கும் வேண்டாம் என்று சொல்லி இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார்.