அக்காவின் இந்தி

"அங்க வந்து நீ இந்தி பேசக் கூடாதும்மா" என்று மாப்பிள்ளை சொன்னபோது கார் எங்கள் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

மாப்பிள்ளை என்றால் என் அக்கா மகன். பொடியனாக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான் கூப்பிட்டு வருகிறேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அவன் ஓட்டிக்கொண்டிருந்தான், நான் பக்கத்தில். பின் சீட்டில் அக்கா, மடியில் ஆப்பிள் நிறைந்த பை.

"நான் எங்கடா பேசப்போறேன்? வேணும்னா வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு வரேன்."

"கோவிச்சுக்காதம்மா. நீ தமிழ்ல சொல்லு. மாமா இந்தியில சொல்லுவார். அதுக்குத்தானே அவரக் கூட்டிட்டுப் போறோம்."

"உங்க மாமா முழிச்சிருந்தா."

பகலில் தூங்குவது எனக்குப் பழகிப்போயிருந்தது. இந்திப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் இடத்தில் பல வருஷம் இரவு வேலை. படத்தின் கடைசி வடிவம் சாயங்காலம்தான் வந்து சேரும், விடிவதற்குள் எழுதித் தரவேண்டும். இந்தக் கோடையில் அந்த வேலையை விட்டுவிட்டேன். உடம்பு தாங்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. எழுத எதுவும் இல்லாமல் போனதுதான் காரணம்.

மாப்பிள்ளை பயந்ததற்கு நியாயம் உண்டு. அவன் விரும்பும் பெண் ஒரு பல் டாக்டர். அவளுடைய கிளினிக் இருக்கும் கட்டடத்தின் லிஃப்ட்டை இவன்தான் பார்த்துக்கொள்கிறான். அவளுக்குத் தமிழ் தெரியாது, வீட்டில் பேசுவது இந்தி. போன வருஷம் ஒருநாள் போனை அக்காவிடம் கொடுத்து, "ஹலோ மட்டும் சொல்லும்மா" என்றான். அக்கா எழுந்து நின்று, இந்தியில், "மகளே! பாலில் நீராடு, மக்கட்செல்வத்தால் காய்த்துக் குலுங்கு" என்று ஆசீர்வதித்தாள். வீட்டில் டிவி ஓடுகிறதா என்று பல் டாக்டர் கேட்டாள்.

இதில் சிரிப்புக்கு மேல் ஒரு சிக்கல் இருந்தது. பல் டாக்டரின் அம்மாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. அந்த அம்மாவுக்குக் காயல் கரையில் வீடு. காயல் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று சோதித்துச் சொல்லும் வேலை. போன மாதம் இவன் தனியாக அங்கே போய் இரண்டு நாள் தங்கினான். வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். "வீட்டுக்கு வாசல் இருக்கு, உள்ள போகத்தான் வழி தெரியல" என்று அந்த அம்மா மகளிடம் சொன்னாளாம். அம்மா சொல்லைத் தட்டுகிற மகள் இல்லை அவள். பையனின் அம்மாவை ஒருமுறை பார்க்கிறேன், பிறகு முடிவு சொல்கிறேன் என்று அந்த அம்மா சொல்லியிருந்தாள். அந்த ஒருமுறைதான் இந்தச் சனிக்கிழமை.

ஊரைத் தாண்டியதும் மாப்பிள்ளை போனில் ஏதோ ஒரு புது இந்திப் படத்தை ஓடவிட்டான். வசனம் மட்டும் காரில் கேட்டது. ஒருவன் "யார்" என்றான், நண்பா என்கிற இந்தி யார். ஒருத்தி "ஹ்ம்" என்றாள். கதவு சாத்தும் சத்தம்.

"சண்டை போடறாங்களா, சமாதானமா?" என்றாள் அக்கா.

"பிரேக்கப்மா."

"இதுக்குப் பேரு பிரேக்கப்பா? எங்க காலத்துல பால்காரன்கிட்டகூட இதவிட அதிகமாப் பேசித்தான் பாலை நிறுத்துவோம்."

நான் சிரித்தேன். அதுதான் என் துக்கமும். பழைய படங்களில் வில்லன் தன் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தமாட்டான். அப்பன் பெயர், பரம்பரை, சிந்திய ரத்தம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகும். கதாநாயகன் பதில் சொல்ல இன்னும் அரை நிமிஷம். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு இருவரும் உவமை பேசுவார்கள், போலீஸ் வரும்வரை. அபத்தம்தான். ஆனால் கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கவேண்டும் என்று பேசினார்கள். இப்போது மைக்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சட்டைக்குள்ளேயே பேசுகிறார்கள். பாதி வசனம் ஆங்கிலம், மீதி பெருமூச்சு. முன்பெல்லாம் அம்மா மழையில் நனைந்தபடி கடவுளிடம் வழக்காடுவாள். இப்போது அம்மா போனில் வருகிறாள். "சாப்பிட்டியா?" என்கிறாள். மகன் "மீட்டிங்" என்கிறான். வைத்துவிடுகிறாள். அவளுக்குப் படத்தில் அவ்வளவுதான் வேலை. நிஜத்தில் அப்படித்தான் நடக்கிறது என்பார்கள். நிஜத்தைப் பார்க்க எதற்கு டிக்கெட்?

அக்காவின் இந்தி முழுக்கப் பழைய படங்களிலிருந்து வந்தது. வார இறுதியில் அப்பா வீடியோ பெட்டியை வாடகைக்கு எடுத்து வருவார். தேய்ந்துபோன கேசட்டில் சப்டைட்டில் கிடையாது. அக்காதான் எனக்குத் தமிழில் சொல்வாள். அவர்கள் ஒரு வரி பேசினால் இவள் மூன்று வரி சொல்வாள். "அவன் என்ன சொல்றான்க்கா?" "நான் உன்னை மன்னிச்சாலும் என் அம்மாவோட கண்ணீர் உன்னை மன்னிக்காதுங்கறான், ஏன்னா அவன் சின்ன வயசுல..." என்று போகும். அவ்வளவும் அவன் சொன்னானா, இவள் சேர்த்தாளா, தெரியாது. வளர்ந்து அந்தத் தொழிலுக்கே போனபின் எனக்குக் கற்றுத் தந்தது நேர்மாறானது. திரையில் இரண்டு வரிதான் நிற்கும், அதற்குமேல் கண் படிக்காது. எவன் எவ்வளவு கதறினாலும் இரண்டு வரி. வெட்டு. மீண்டும் வெட்டு. நான் நன்றாக வெட்டுவேன் என்று பெயர் வாங்கியவன்.

காயல் இடப்பக்கம் வந்து சேர்ந்துகொண்டது. சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பாசி நாற்றமும் டீசல் நாற்றமும் கலந்து அடித்தன. பாலம் இல்லாத இடத்தில் காரைப் படகில் ஏற்றினோம். நாங்கள் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் அசைகிற மாதிரியே இல்லை, கரைதான் நகர்ந்தது.

"இந்த மாதிரித் தண்ணியிலதான்டா அவ குதிக்கப் போவா, அவன் வந்து கையைப் புடிப்பான்" என்றாள் அக்கா.

"எவன்க்கா?"

"எல்லாப் படத்துலயும்தான்."

மாப்பிள்ளை எங்களைப் பார்க்காமல் படகின் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா" என்றான் மெதுவாக. "சுருக்கமா சொல்லிடுங்க. அம்மா ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாங்க. அவளோட அம்மாவுக்கு நீளமாப் பேசினாப் புடிக்காது."

"சுருக்கறதுதான்டா என் தொழிலே."

வீடு தண்ணீருக்குப் பக்கத்தில் தூண்களின்மேல் நின்றது. சமையலறை ஜன்னலில் கழுவிக் கவிழ்த்த கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக இருந்தன. பல் டாக்டர் ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா படியிலேயே நின்றாள். கிராப்பு வெட்டிய தலை, மடித்துவிட்ட சட்டைக் கை, ரப்பர் செருப்பு.

"வாங்க. வழி சரியா இருந்துச்சா? உக்காருங்க. சாப்பிடலாம்."

எல்லாம் ஒரே வரியில் அடங்கும் வாக்கியங்கள். தொழில்முறையில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

சாப்பாட்டின்போது தட்டுகளின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. மாப்பிள்ளையிடம் அந்த அம்மா, "மீன் நல்லா இருக்கா?" என்றாள். தலையாட்டினான். "வேலை எப்படிப் போகுது?" "நல்லாப் போகுது." "ஏதாவது வேணுமா?" "ஒண்ணுமில்ல." பல் டாக்டர் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். எனக்கு அது தெரிந்தது, ஏனென்றால் பாதி மிதி என் கால்மேல் விழுந்தது.

கடைசியில் அந்த அம்மா ஸ்பூனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "இவங்க மகனப் பத்தி இவங்களச் சொல்லச் சொல்லுங்க. எம்மகளக் குடுக்கறதுன்னா, எனக்குத் தெரியணும்."

அக்கா பேசினாள். தமிழில், என்னைப் பார்த்து, நீளமாக. குரல் ஒரு இடத்தில் கம்மியது, சரிசெய்துகொண்டு தொடர்ந்தாள். அவள் நிறுத்தியதும் நான் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன். வாய் தானாகவே வேலையைச் செய்தது.

"அமைதியான பையன், பொறுப்பானவன். சின்ன வயசுல கஷ்டப்பட்டிருக்கான், நல்லாப் பாத்துக்குங்க."

இரண்டு வரி.

"அமைதியான பையன்னு எனக்கே தெரியும்" என்றாள் அந்த அம்மா. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். பல் டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. முடிவு சொல்லப்பட்டுவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான்.

அக்காவுக்கு இந்தி பேசத்தான் சினிமா வேண்டும். கேட்டால் எல்லாம் புரியும்.

"டேய்" என்றாள். "நான் என்ன சொன்னேன், நீ என்னத்தச் சொன்ன?"

"சாராம்சம் அதானேக்கா."

"சாராம்சமா? சாறை நீ குடிச்சிட்டுச் சக்கையத் துப்பியிருக்கடா அவங்க தட்டுல."

"அம்மா, வேணாம்" என்றான் மாப்பிள்ளை.

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் பேசிய இந்தியைத் தமிழில் எழுதுவதானால் இப்படித்தான் எழுதமுடியும்:

"சகோதரி! உங்கள் வாசலில் இன்று ஒரு தாய் முந்தானை ஏந்தி நிற்கிறாள்."

பல் டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்தப் பிள்ளைக்கு ஏழு வயதானபோது இவனைப் பெற்றவன் எங்களை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு வேறொரு நிழல் தேடிப் போனான். அன்று முதல் இந்த உதடுகளில் ஒரே ஒரு சொல்: ஒன்றுமில்லை! பள்ளியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. என்ன மகனே என்றேன். ஒன்றுமில்லை என்றான். இவன் இடக்கையால் எழுதுவதைக் கண்ட பிறகுதான் இந்தப் பாவிக்குத் தெரிந்தது. இது கர்வம் அல்ல, சகோதரி, கடவுள் சாட்சி! தானும் பாரமாகிவிட்டால் தாயும் போய்விடுவாளோ என்று அஞ்சிய குழந்தையின் மௌனம் இது!"

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தான். இன்றைக்கு முன்னால் இதை அவனிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை, எந்த மொழியிலும்.

அந்த இடத்தில் சினிமா தீர்ந்துவிட்டது. அதற்குமேல் சொல்ல வேண்டியதற்கு எந்தப் படத்திலும் வசனம் இல்லை. அக்கா திணறினாள். என் பக்கம் திரும்பவில்லை. கையை முன்னால் நீட்டி, "எதிரே... உட்கார்ந்து... கேட்கவேண்டாம்" என்றாள். தனக்குப் பக்கத்தில் காற்றைத் தட்டிக் காட்டினாள். "பக்கத்தில்." இரண்டு கையாலும் பாத்திரம் தேய்க்கிறமாதிரி செய்தாள், பிறகு ஸ்குரூ முடுக்குகிறமாதிரி. "கையில் வேலை. அப்போது... பேச்சு. நிறைய." கையை வாயிலிருந்து வெளியே கொட்டிக் காட்டினாள். "நிறைய" என்றாள் மறுபடியும். உட்கார்ந்துவிட்டாள்.

பழைய படங்களுக்காக இவ்வளவு காலம் மாரடித்தவன் நான். அவற்றால்கூட இதைச் சொல்லியிருக்க முடியாது. புதியவை முயற்சியே செய்யாது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அடுக்கிய தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலருகே போனாள். பாட்டில்களை எடுத்துப் பிளாஸ்டிக் கூடையில் வைத்தாள்.

"சாயங்காலத் தண்ணி எடுக்கணும்" என்றாள் மாப்பிள்ளையிடம். "கூடை கனக்கும். வா."

சின்னப் படகு. அவள் பின்னால் உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் இவன், மடியில் பாட்டில்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தபடி போனார்கள். வளைவு வந்ததும் மறைந்துவிட்டார்கள்.

நாங்கள் மூவரும் கரைப் படியில் உட்கார்ந்தோம். பல் டாக்டருக்கு அதுவரை அடக்கிவைத்த சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அந்த முதல் வரிய இன்னொரு தடவை சொல்லுங்க, ப்ளீஸ்."



"போடி" என்றாள் அக்கா தமிழில். "எல்லாத்துக்கும் ஒன்ஸ்மோர் கேட்டா ஆச்சா?"

இதை மொழிபெயர்த்தேன், எதையும் வெட்டாமல். பிறகு வெயில் சாய்ந்தது. அக்கா ஆப்பிளை உரிப்பதும் யாரும் தின்னாததும் நடந்துகொண்டிருந்தது. "கவுந்துடுச்சாடா?" என்றாள். "மோட்டார்க்கா, கவுறாது." "அவன் ஏதாவது பேசியிருப்பானா?" பல் டாக்டர் அவளாகவே அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மோட்டார் சத்தத்துக்கு முன்னால் குரல்தான் கேட்டது. மாப்பிள்ளையின் குரல். படகு வளைவைத் திரும்பியது. அவன் பாட்டில் மூடிகளைத் திருகிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், பாதி ஆங்கிலம், பாதி ஓட்டை இந்தி. அந்த அம்மா நடுநடுவே ஒரு சொல் கேட்டாள். அவன் மேலும் சொன்னான்.

படகைக் கரையில் இடித்து நிறுத்திவிட்டு அவள் முதலில் இறங்கினாள். முழங்கால்வரை நனைந்திருந்தாள். நேராக அக்காவிடம் வந்தாள்.

"உங்க மகன் ரொம்பப் பேசறான்" என்றாள். இந்தியில், நிறுத்தி நிறுத்தி, என் பக்கம் திரும்பாமல். "மூணு எடத்துல எடுக்கவேண்டிய தண்ணிய ஒரே எடத்துல எடுத்துட்டேன். எல்லாம் வீண். நாளைக்குக் காலைல மறுபடி போகணும்."

"அவனும் வரலாமா?" என்றாள் அக்கா. சாதாரணமான, சினிமா இல்லாத மூன்று இந்திச் சொல்.

"வராம? கூடைய யாரு தூக்கறது?"

பல் டாக்டர் எழுந்து படகை நோக்கி ஓடினாள். மாப்பிள்ளை அவளைக் கவனிக்கவில்லை. கயிற்றைத் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டபடியே அந்த அம்மாவின் முதுகைப் பார்த்து, "ஆன்ட்டி, அந்த மோட்டார் பெல்ட் தேஞ்சிருக்கு, விட்டா நடுத் தண்ணியில நிக்கும், நான் வேணா..." என்று இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.