தங்கையாவின் கால் இறக்கத்துக்குத்தான் சரி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தானா ராத்தா என்ற மலையூரின் பேருந்து நிலையத்துச் சாயாக் கடையில். கால் இழந்தவரின் மனைவி என்றதும் நான் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். கதை சொன்ன மனைவி ரஞ்சிதமோ சிரித்துச் சிரித்துச் சாயாவை மேலே கொட்டிக்கொண்டார். கைக்குட்டை அதற்குத்தான் பயன்பட்டது.

முதல் தொடக்கம்: ‘பனி மூடிய தேயிலை மலையில் ஓர் ஒற்றைக்கால் மனிதன்...’

(வேண்டாம். தங்கையாவுக்கு இப்போது இரண்டு கால். ஒன்று அளவெடுத்துச் செய்தது.)

2

தங்கையா தேயிலை வெட்டும் இயந்திரம் பிடித்தவர். போன வருஷம் மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்கிக் காய்கறி லோரிக்கு அடியில் போனது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். (இங்கே ஒரு பக்கம் சோகமாக எழுதி அடித்துவிட்டேன். அவருக்கே பிடிக்காது.)

டவுனில் புதுக்கால் பொருத்தி, தட்டையான தரையில் நடக்கப் பழக்கினார்கள். அந்தக் கால் சப்பாத்தின், அதாவது போட்டுக்கொள்ளும் காலணியின், குதி உயரத்துக்கு அமைத்தது. சப்பாத்தைக் கழற்றினால் ஆள் பின்னால் சாய்வார்.

எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் சப்பரத்தின் முன் வலது தண்டு அவருடைய இடம், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு வர வேண்டும். கோயில் தலைவர் ஆண்டியப்பன் நெடுநேரம் யோசித்தார்.

“ரப்பர் கால் பரவால்லைலா. சப்பாத்து கூடாது. நீ இந்த வருஷம் உக்காரு தங்கையா. ஒன் மச்சான் மகேன் தூக்கட்டும்.”

வலியைக்கூடத் தங்கையா தாங்கிவிட்டார். அந்த ‘உக்காரு’வைத்தான் தாங்க முடியவில்லை.

3

மகேன் ரஞ்சிதத்தின் தம்பி. அவனை வில்லனாக்கினால் கதை நன்றாக ஓடும். ஆனால் கோயில் மேட்டில் தங்கையா வெறுங்காலோடு ஏறிப் பழகும்போதெல்லாம் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டவன் அவன்தான். வில்லத்தனம் செய்ய அவனுக்கு நேரமே இல்லை.

“மாமா, நீங்க சாயுறதப் பாத்தா எனக்கே தூக்கம் வருது.”

அப்போது கீழே லயத்து வீட்டிலிருந்து ரஞ்சிதம் கத்தினார். “என்னங்க, சாயா ஆறிப்போச்சு! சாமி சப்பரத்துல ஏறுற வரைக்கும் இதே வேலதானா?”

தங்கையா கோபமாக அவர் பக்கம் திரும்பினார். கையை ஆட்டித் திட்டினார். திட்டிக்கொண்டே பின்னால் பின்னால் போனார். மகேன்தான் கவனித்தான்.

“மாமா! நீங்க ஏறுறீங்க!”

(விளக்கம்: இறக்கத்தைப் பார்த்து நின்றால் குதிகால் மேட்டுப் பக்கம் இருக்கும். சப்பாத்து செய்கிற வேலையை மலையே செய்துவிடும்.)

4

திருவிழா. மகேன் தண்டை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றான். ஆண்டியப்பன் வாய் திறப்பதற்குள் சப்பரம் இறங்கிவிட்டது. இறக்கத்தில் பிரச்சினை இல்லை. திரும்பி ஏறும்போது தங்கையா சப்பரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“யோவ், கோயிலு அந்தப் பக்கம்லா!” என்றார் ஆண்டியப்பன்.

“அவரு அம்மன் மொகத்தப் பாத்துக்கிட்டே போறாரு,” என்றார் ரஞ்சிதம், கூசாமல்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இத்தனை வருஷம் அம்மனுக்கு முதுகைக் காட்டியே சுமந்த தங்கையா, முதல்முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தார். அழுகை வந்தது. அது மட்டும் நடிப்பில்லை.

5

சிக்கல் இனிமேல்தான். கோயில் வாசல் சிமெண்டுத் தரை. தட்டை.

முடிவு அ: விழுகிறார், எல்லோரும் ‘உக்காரு’ என்...

முடிவு ஆ: அம்மன் அருளால்...

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ரஞ்சிதத்திடம் கேட்டேன். “பஸ்ஸு வந்துருச்சு,” என்று போய்விட்டார்.

ஆகவே சப்பரம் வாசலில் நிற்கிறது. தங்கையாவின் குதி சிமெண்டைத் தொட்டுவிட்டது, சாயத் தொடங்குகிறார். மகேன் அவர் முதுகில் ஒரு கை வைத்திருக்கிறான். இன்னொரு கைக்கு இடம் விட்டுத் தள்ளி நிற்கிறான், உங்களைப் பார்த்துக்கொண்டு.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள்.