சுடலைக்கண்ணுவின் பச்சை ஈக்கள்

இந்தக் காலத்து மனுஷனுக்கு ஈயை விரட்டக்கூட ஒரு கை ஓய்வாக இல்லை. ஒரு கையில் வடை, மறு கையில் போன். வடையில் ஈ உட்கார்ந்தால் வாயால் ஊதிவிட்டுத் தின்ன வேண்டியதுதானே? அது முடியாது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்த ஒருத்தன், இலத்தூர் ரோட்டில் காரை நிறுத்தி, தங்கத்தாயின் டீக்கடையில் பருப்பு வடை வாங்கி, அதில் உட்கார்ந்த ஏழு ஈயையும் வீடியோ பிடித்து, கத்திக் கத்தி உலகத்துக்கெல்லாம் அனுப்பினான். அனுப்பிவிட்டு வடையையும் தின்றான்.

"தின்னுட்டுல்லா போனான், களவாணிப்பய!" சுடலைக்கண்ணுவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவருக்கு எழுபத்து நாலு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போனது. ரெண்டு பசு, கொஞ்சம் வயல், டீக்கடைக்குத் தெற்கே ஓர் எருக்குழி. எட்டு மாதச் சாணி அதில் கிடந்தது. ஐப்பசியில் பிசானப் பருவ நெல் நடவுக்கு அது வயலுக்குப் போயாக வேண்டும். யூரியா மூட்டையை அவர் நம்பமாட்டார். நம்பச் சொல்கிற ஆளையும் நம்பமாட்டார்.

வீடியோவைப் பார்த்துவிட்டு சுகாதார ஆய்வாளர் அருமைநாயகம் வண்டியில் வந்து இறங்கினார். டீக்கடைக்கு வடக்கே ஜெயசித்ராவின் நாட்டுக்கோழிக் கொட்டகை, தெற்கே எருக்குழி. ஈ எதிலிருந்து வருகிறதோ அதைக் காலி செய்துவிட வேண்டும் என்றார்.

"இதுல என்ன சார் யோசனை? கோழிப்பீ நாத்தம் குற்றாலம் வரைக்கும் வருது. கொட்டகையப் பிரிக்கச் சொல்லுங்க," என்றார் சுடலைக்கண்ணு.

ஜெயசித்ரா இடுப்பில் கையை வைத்தாள். "நல்லாருக்கே பெரியப்பா! நான் உமி பரப்பிக் காயவச்சிருக்கேன். ஈரம் இல்லாத எடத்துல ஈ முட்டை போடாது. ஒங்க குழியப் பாருங்க, சாரல்ல ஊறி களி மாதிரி கெடக்கு."

"ஏட்டி, எங்க முட்டை போடுவேன்னு ஈ ஒங்கிட்ட வந்து சொல்லிச்சா?"

"ஒங்ககிட்ட மட்டும் சொல்லிச்சாக்கும்?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றார் அருமைநாயகம். "பறந்து வாற ஈய எந்த எடத்து ஈன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"ஏன், கெடை போடுதவன் ஆடு கலந்துரக் கூடாதுன்னு முதுகுல சாயம் பூசுதாம்லா? ஈக்கும் அப்படிப் பூசுங்க. சர்க்காரு சம்பளம் சும்மாவா குடுக்கான்?"

சுடலைக்கண்ணு நக்கலுக்குத்தான் சொன்னார். அருமைநாயகம் சிரிக்கவில்லை. "நல்ல யோசனை அண்ணாச்சி," என்றார். அந்த இடத்திலேயே சுடலைக்கண்ணு உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அவர் யோசனையை நல்ல யோசனை என்று ஒருத்தர் சொல்லி நாற்பது வருஷம் ஆகியிருந்தது. மனுஷன் கிறங்கிப் போனார்.

தங்கத்தாயிடம் ரெண்டு பாக்கெட் கோலப்பொடி இருந்தது. ரோஸ் ஒன்று, பச்சை ஒன்று.

"ரோஸ் அவ ஈக்கு. எட்டத்துலயே பளிச்சுன்னு தெரியணும், தப்பிச்சிரக் கூடாது. பச்சை எங்குழி ஈக்கு இருக்கட்டும்," என்று அவரே பங்கு பிரித்தார்.

ஒரு பழைய கொசுவலையை எடுத்துக்கொண்டு முதலில் கொட்டகைக்குப் போனார்கள். அரை மணி நேரம் குதித்தும் ஒரு கை விரலால் எண்ணிவிடுகிற அளவுக்குத்தான் ஈ அகப்பட்டது. "ஒங்கொட்டகையில ஈகூட ஒளிஞ்சிக்கிட்டுல்லா இருக்கு!" என்றார் சுடலைக்கண்ணு. எருக்குழியில் ஒரே வீச்சு, வலை கறுத்துப்போனது. பிளாஸ்டிக் பையில் கோலப்பொடியைப் போட்டு, ஈயைப் போட்டு, குலுக்கி, அந்தந்த இடத்திலேயே பறக்க விட்டார்கள்.

மறுநாள் காலை டீக்கடையில் எல்லாரும் கூடினார்கள். முதல் ஈ டீ கிளாசின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. பச்சை. வடைத் தட்டில் அஞ்சு, பச்சை. சீனி டப்பா மூடியில் மூணு, பச்சை. ஒன்று அருமைநாயகத்தின் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து பின்னங்கால்களைத் தேய்த்தது. சட்டையில் பச்சைப் புள்ளி விழுந்தது. ரோஸ் கண்ணில் படவேயில்லை.

சுடலைக்கண்ணு தொண்டையைச் செருமினார். "சார், பச்சை ஈன்னு ஒண்ணு இருக்கு. செத்த எலியில உக்காருமே, மினுமினுன்னு. இது அந்த ஜாதி. ஆண்டவன் பூசுன பச்சை. எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அருமைநாயகம் ஒரு ஈயைக் கிளாஸால் மூடிப் பிடித்து, விரலால் தடவி, விரலை நீட்டினார். "ஆண்டவன் பூசுனா கையில ஒட்டாது அண்ணாச்சி."

தங்கத்தாய் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

பிறகு எல்லாரும் குழிக்குப் போனார்கள். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டியதும், வடித்த சோறு எழுந்து நடமாடுகிற மாதிரி புழு நெளிந்தது. "ஈ போடுத முட்டை ஒரு நாள்ல புழு. பத்து நாள் போல ஆச்சுன்னா அதே புழு ஈ," என்றார் அருமைநாயகம்.

"புழு புழுதான் சார், ஈ ஈதான். கன்னுக்குட்டி வளந்தா கோழியாவா ஆகும்?"

"முட்டை கோழியாகுதுல்லா பெரியப்பா?" என்றாள் ஜெயசித்ரா.



"ரெண்டு நாள்ல குழியைக் காலி பண்ணிருங்க," என்றார் அருமைநாயகம்.

 சுடலைக்கண்ணுவின் வயலில் கார்ப் பருவ நெல் நிற்கிறது, கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை. ரோட்டோரம் கொட்டினால் சாரலில் கரைந்து ஓடைக்குப் போய்விடும். "அப்ப ஐப்பசிக்கு வயலுக்கு எதைப் போடுவேன்?" என்று குழி ஓரத்தில் கட்டியிருந்த பசுவைப் பார்த்துக் கேட்டார். அது அசை போட்டுக்கொண்டிருந்தது.

ஜெயசித்ரா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "சார், புழுவத்தானே ஒழிக்கணும்? தெனம் காலைல எங்கோழிகள இதுல விடுதேன். தின்னு, கிண்டிக் காயவச்சிரும்."

"பதினஞ்சு நாள் பாப்போம்," என்றார் அருமைநாயகம்.

சுடலைக்கண்ணு கண்ணைச் சுருக்கினார். "நேத்துதான் ஒங்கொட்டகையப் பிரிக்கச் சொன்னேன். இன்னைக்கு எனக்காவப் பேசுத. மனசுக்குள்ள என்ன வச்சிருக்க?"

"ஒங்களுக்காவ யாரு பேசுதா? எங்கோழிக்கு ஓசித் தீனி."

அந்தப் பதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இருந்தாலும் பதினஞ்சு நாளும், கோழி சாணியையும் சேர்த்துத் தின்றுவிடுமோ என்று, குழி ஓரத்தில் கம்போடு உட்கார்ந்து காவல் காத்தார். கோழிகள் கொழுத்தன. சாணி புட்டு மாவு மாதிரி பொலபொலவென்று ஆனது. யாரும் பார்க்காதபோது ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். நாத்தமே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

கெடு முடிந்த அன்று அருமைநாயகம் டீக்கடைக்கு வந்தார். வடைத் தட்டில் ஒரே ஒரு ஈ. குழியைக் காலி செய்ய வேண்டாம் என்றார். "அண்ணாச்சி, சாணிய இவ்வளவு சீக்கிரம் மக்க வச்சதுல அந்தப் புழுவுக்கும் பங்கு உண்டு. ஈயே இல்லன்னா ஊர்ல செத்தது, அழுகுனது எல்லாம் அப்படியே கெடக்கும். அளவோட இருந்தா அதுவும் நமக்கு வேலைக்காரன்தான். இப்பவாவது நம்புதியளா?"

"எதை நம்ப? சாரல் நின்னுட்டு, ஈ கொறஞ்சிட்டு. அவ்வளவுதான்."

"அப்ப இப்ப மேல விழுதது என்ன அண்ணாச்சி?" என்றாள் தங்கத்தாய்.

சுடலைக்கண்ணு துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு சாரலில் இறங்கினார். "இது மழை. சாரல் வேற."

பத்தடி போனதும் தோளில் ஓர் ஈ உட்கார்ந்தது. கழுத்தை வளைத்து நிறம் பார்த்தார். வெறும் கறுப்பு.

"இது அவ கொட்டகை ஈ," என்று தோளைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.