பதினெட்டு கிலோ, பதினெட்டு லிட்டர்

ஆம்பூரில் எங்கள் தோல் ஃபேக்டரியின் தராசு அன்று பகலில்தான் பழுதாகியிருந்தது. இனி ஆசிட்டை டப்பாவால் அளக்கச் சொன்னார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்றால் எல்லாமே அப்படித்தான் என்பது, தோலை மருந்தில் போட்டுச் சுழற்றும் டிரம் செக்‌ஷனின் நம்பிக்கை.

ராத்திரி ஷிஃப்டுக்கு நான் நுழைந்ததும் டெக்னீஷியன் உமர் ஃபாரூக், அந்த லாட் தோலுக்கு எதை எவ்வளவு ஊற்றவேண்டும் என்ற கார்டை நீட்டினார். லெதர் படிப்பு முடித்துப் போன மாதம் சேர்ந்தவர். 'சல்ஃப்யூரிக் ஆசிட் 18 கிலோ' என்பதை அடித்து '18 லிட்டர்' என்று எழுதியிருந்தார்.

"சார், இது தண்ணிய விட வெயிட்டு. பதினெட்டு லிட்டர்னா முப்பத்திமூணு கிலோ. தோல் வெந்துடும்" என்றேன்.

சூப்பர்வைசர் நயீம் அகமது சிரித்தார். "இன்னாடா ப்ரொஃபசர், டிப்ளமாவ பாதியில விட்டுட்டு ஓடியாந்தவன் சாருக்கு பாடம் எடுக்கிறியா?"

உமர் போனபிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த லாட் நல்லா வந்தா நீ பர்மனென்ட். பேஜார் பண்ணாத. எழுதுனத ஊத்து."

இரண்டு வருடமாக நான் கான்ட்ராக்ட். எழுதியதை ஊற்றினால் தோலும் போகும், வேலையும் போகும்.

டப்பா வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் மட்டம் வெளியே தெரியும். மேலும் கீழும் ஒரே அகலம், இருபத்தெட்டு சென்டிமீட்டர். ஆரம் பதினான்கு. அதன் வர்க்கத்தை 22/7 ஆல் பெருக்கினால் 616. பதினெட்டு கிலோ ஆசிட் 9,780 கன சென்டிமீட்டர். வகுத்தால் உயரம் பதினாறுக்கு ஒரு மில்லிமீட்டர் கம்மி. நீல சாக்பீஸால் கோடு போட்டு, அதுவரை மட்டும் எடுத்துத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். பிறகு கோட்டைத் துடைத்தேன். '18 லிட்டர்' கார்டில் கையெழுத்தும் போட்டேன்.

தோல் நன்றாக வந்தது.

காலையில் பகல் ஷிஃப்ட் ஆபரேட்டர் கன்னியப்பன் அடுத்த லாட்டின் கார்டோடு வந்தார். "கௌதமு, பதினெட்டு லிட்டர்னு போட்டிருக்கு. ஜாஸ்தியா தெரியுதேடா. நீயும் இதானே ஊத்துன?"

நயீம் அகமது பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஆமாண்ணே."

மாலையில் நான் வந்தபோது தோல்கள் ஊதி, மேல்பக்கம் வெடித்து, டிரம் வாசலில் குவிந்து கிடந்தன. உமர் இரண்டு கார்டையும் பிடித்துக்கொண்டு கன்னியப்பனிடம் கத்தினார். "அதே அளவு, ராத்திரி நல்லா வந்துச்சே! நீ குடிச்சிட்டு ஜாஸ்தி ஊத்தியிருக்க!"

"நான் குடிக்கிறவனே இல்ல சார். கௌதமு, நீ சொல்றா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கார்டுல இருக்கிறததான் ஊத்துனேன்" என்றேன்.

கன்னியப்பன் கையுறைகளைக் கழற்றி, வெடித்த தோல்களின் மேல் வைத்துவிட்டு கேட்டை நோக்கி நடந்தார். பதினோரு வருட சர்வீஸ்.

மறுநாள் பர்மனென்ட் ஐடி கார்டுக்கு என்னிடம் ஃபோட்டோ கேட்டார்கள். கொடுத்தேன். தராசு இன்னும் ரிப்பேருக்குப் போகவில்லை.