மூன்று புள்ளிக்குள் முனீஸ்வரி

“நான் என்ன செத்தா போனேன், எம் பேச்ச எடுத்து ஒட்டி வைக்க—”

“அக்கா, முழுசாக் கேளுங்கக்கா, புதுசா வர்றவங்களுக்கு—”

“புதுசா வர்றவுகளுக்குத்தான் நான் இருக்கேன்ல?”

“நாலு பேரு ஒரே நேரத்துல கூப்புட்டா நீங்க எங்கன்னு—”

“கூப்புடட்டுமே! நடக்குறது எங்காலு. ஒனக்கு எங்க வலிக்குது?”

1

இந்தக் கதை எனக்குக் காது வழியாகத்தான் கிடைத்தது. கே.கே. நகரில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில், அரசுத் தேர்வுகளுக்கு வழிகாட்டி நூல் தயாரிக்கும் அலுவலகம். நான் அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்துகிறவள். சண்டை தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்தது, முகம் தெரியவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. என் கதைகளில் ஆட்கள் முதலில் பேசுவார்கள், கண் மூக்கெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பேசியவள் முனீஸ்வரி, அலுவலகம் தொடங்கிய நாள்முதல் இருப்பவள். குறுக்கே பேசியவள் சரண்யாதேவி, அவளிடமே வேலை பழகியவள்.

(முதலில் இப்படித்தான் எழுத ஆரம்பித்தேன்: “முனீஸ்வரி தங்கமானவள், ஆனால்” — அந்த “ஆனால்” வந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எழுதினால் கதை புறணியாகிவிடும்.)

2

அங்கே எல்லாரும் எழுதுவது கணினியில், ஒரு விசித்திரமான எடிட்டர் மென்பொருளில். பொத்தான் கிடையாது, படம் கிடையாது, வெறும் கறுப்புத் திரை. தலைப்புக்குள் தலைப்பாக அடுக்கலாம், வேண்டாததை மடித்து வைக்கலாம். மடித்தால் தலைப்பும் அதன் வாலில் மூன்று புள்ளியும் மட்டும் தெரியும். ஒரு பாடத்தையே தலைப்போடு தூக்கி வேறிடத்தில் வைக்கலாம், முடிக்காத கேள்விகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் விசைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து அமுக்க வேண்டும். அந்தச் சேர்க்கைகள் மொத்தமும் முனீஸ்வரியின் விரல்களில் இருந்தன.

ஒத்தக்கடையிலிருந்தும் அவனியாபுரத்திலிருந்தும் பட்டம் வாங்கிய கையோடு வந்து சேரும் பிள்ளைகள் திரையைப் பார்த்து மிரளும். “அக்கா!” என்று ஒரு குரல் எழும். முனீஸ்வரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுவாள். அந்த நடைக்கே ஒரு மிடுக்கு உண்டு. “இத மடக்கு. அத விரி. தூக்கி அங்கிட்டுப் போடு. பயப்படாத தாயி, எதுவும் அழியல.”

சரண்யா செய்தது இவ்வளவுதான்: ஒரே ஒரு விசை. தட்டினால் திரையின் அடியில் ஒரு பட்டியல் எழும். எந்த எழுத்தை அமுக்கினால் என்ன நடக்கும் என்று சொல்லும். “இத மடக்கு.” “எல்லாத்தையும் விரி.” “தூக்கி அங்கிட்டுப் போடு.” “முடிக்காதத மட்டும் காட்டு.” வார்த்தைக்கு வார்த்தை முனீஸ்வரி. தவறாகச் செய்ததைத் திரும்பப் பெறுவதற்குக் கடைசி வரி: “பயப்படாத தாயி, எதுவும் அழியல.”*

* ஏன் இப்படி எழுதினாய் என்று சரண்யாவிடம் கேட்டேன். “வேற மாதிரி எழுத வரலம்மா. எனக்கு அது அக்கா குரல்லதான் கேக்குது” என்றாள். இவளைக் கெட்டவளாக்கிவிட்டால் கதை சுலபம். முடியவில்லை.

3

சண்டைக்கு முந்தின நாள், தமிழ்வாணி என்ற புதுப் பெண் “வைகை” என்ற தலைப்பைப் பார்த்தாள். மடித்திருந்தது. அடியில் ஒன்றுமில்லை, வெற்றுத் தலைப்பு என்று நினைத்து அழித்தாள். மடித்த தலைப்பை அழித்தால் உள்ளிருப்பதும் சேர்ந்தே போகும். அணை, பாசனம், கண்மாய் என்று ஆற்றைப் பற்றிய அத்தனை கேள்வியும் போயிற்று. இங்கே சேர்கிற எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தவறு. முனீஸ்வரி இதற்காகவே காத்திருப்பாள்.

“அய்யய்யோ!” என்றாள் தமிழ்வாணி.

முனீஸ்வரி பாதி எழுந்துவிட்டாள். முந்தானை செருகியாயிற்று.

அடுத்து வரவேண்டிய “அக்கா” வரவில்லை. ஒரு விசை தட்டும் சத்தம். இன்னொன்று.

“அட, வந்துருச்சுடி!” என்று பக்கத்துப் பெண்ணிடம் சிரித்தாள் தமிழ்வாணி. “கீழ போட்டுருக்கு பாரு, பயப்படாத தாயின்னு. யாரு எழுதுனதோ, எங்கம்மா பேசுற மாதிரியே இருக்கு.”

பாதி எழுந்தவள் என்ன செய்வாள்? தண்ணீர் பிடிக்கப் போனாள். பாட்டில் நிறைந்துதான் இருந்தது.

மறுநாள் அந்தச் சண்டை. அது முடிந்த விதம் இது:

“அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துரு.”

“எடுத்துட்டு என்னக்கா போட?”

“என்னத்தையும் போடு. எங்குரல வச்சே என்னைய உக்கார வச்சுட்டேல்ல?”

“வேணும்னா அடியில ஒங்க பேரப் போட்டுர்றேன்க்கா.”

“பேர வச்சு நான் என்ன செய்ய? ‘அக்கா’ன்னா பேரா எந்திருச்சுப் போகும்?”

4. முனீஸ்வரியின் பொறாமை …

(மடித்து வைத்திருக்கிறேன். அவள் தமிழ்வாணியைப் பார்த்த பார்வை, ஆளில்லாதபோது பட்டியலைத் திறந்து தன் வரிகளைத் தானே வாசித்துக்கொண்டது, எல்லாம் உள்ளே இருக்கின்றன. எழுதியாயிற்று. விரிக்கத்தான் கை வரவில்லை.)

5

ஒரு முடிவு: சரண்யா வரியை எடுத்துவிடுகிறாள். மறுநாளே யாரோ “அக்கா!” என்று அலறுகிறார்கள். (முனீஸ்வரி கதை எழுதினால் இப்படித்தான் முடிப்பாள்.)

இன்னொன்று: முனீஸ்வரியே பட்டியலுக்குப் புது வரிகள் சொல்ல, சரண்யா சேர்க்க, இருவரும் கீழே இறங்கி டீ குடிக்கிறார்கள். (அலுவலக ஆண்டுவிழாவில் வாசிக்கலாம்.)

இன்னொன்று: ஒருநாள் முனீஸ்வரி யாரும் பார்க்காமல் சரண்யாவின் பட்டியலில் கை வைத்து — வேண்டாம். அவள் அப்படிச் செய்யமாட்டாள். செய்தாலும் எனக்குத் தெரியவேண்டாம்.

6

இந்தப் பகுதியை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. நானும் அதே எடிட்டரில்தான் எழுதுகிறேன், சாப்பாட்டு நேரத்தில், அலுவலகக் கணினியில். பழக்கிவிட்டவள் முனீஸ்வரி. முன்பெல்லாம் வரிக்கு வரி அவளைக் கூப்பிடுவேன். பட்டியல் வந்தபிறகு நானும் கூப்பிடவில்லை.

“என்னம்மா, ஒங்க சத்தத்தையே காணோம்?”

முதுகுக்குப் பின்னால் நின்றாள். கையில் டிபன் பாக்ஸ்.

“சும்மா, ஏதோ கதை.”

“யாரு கதை?”

திரையில் தலைப்புகள் மட்டும் மடிந்து கிடந்தன. நாலாவதில் அவள் பெயர். சட்டென்று அந்த வரியை அழித்துவிட்டேன். உள்ளிருந்ததும் சேர்ந்து போயிற்று.

“ஏதோ போச்சே?” என்றாள். டிபன் பாக்ஸை என் மேசையில் வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். குனிந்து, சரண்யாவின் பட்டியல் பக்கமே போகாமல், இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினாள். நாலாவது தலைப்பு, வாலில் மூன்று புள்ளியோடு, போன இடத்துக்கே வந்து நின்றது. அவள் அதை வாசித்தாள். அவசரமில்லாமல் வாசித்தாள்.

“பயப்படாதீகம்மா, எதுவும் அழியல. இப்ப இத நீங்க விரிக்கிறீகளா, நான் விரிக்கட்டுமா?”