இடதுகால் மாப்பிள்ளை

1764ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கிராஃபன்மோர் கோமகனின் மூன்றாவது மகள் ஓட்டிலிக்கும் ஒரு இடதுகால் பூட்ஸுக்கும் அரண்மனைத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அன்று மதியம் மூன்று மணிக்கு, அறுபது மைல் தள்ளி ஹார்ட்டன்பிருக்கில், குதிரை ஏறப் போன மாப்பிள்ளை அடால்பெர்ட்டின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போயிற்று. வலி இல்லை, ரத்தம் இல்லை. வானம் தெளிவாக இருந்தது. அந்த வாரம் வாற்கோதுமை நல்ல விலைக்குப் போயிற்று.

பூட்ஸைக் கட்டிக்கொண்டதில் கிராஃபன்மோரில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. பெரிய வீட்டு மாப்பிள்ளைகள் பெண் எடுக்க நேரில் வருவதில்லை, ஆள் அனுப்புவார்கள். வந்த ஆள் தேவாலயத்தில் மாப்பிள்ளைக்குப் பதிலாக நின்று சம்மதம் சொல்வார். பிறகு மதியம், சபை முழுவதும் சுற்றி நின்று பார்க்க, மணப்பெண் படுத்திருக்கும் கட்டிலில் ஒரு காலை முழங்கால் வரை நீட்டி, ஒரு ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொள்வார். அத்தோடு கல்யாணம் உறுதி. ஹார்ட்டன்பிருக் வீட்டாருக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல். எங்கள் இளவரசரின் காலுக்கு ஈடாக இன்னொருவன் காலா என்று கேட்டு, இளவரசரின் சொந்த பூட்ஸையே வெல்வெட் மெத்தையில் வைத்து அனுப்பினார்கள். கூடவே முத்திரை குத்திய பத்திரம்: இந்த பூட்ஸ் நிற்கும் இடத்தில் இளவரசர் நிற்கிறார், இது தரையில் ஒரு முறை தட்டினால் அது அவருடைய சம்மதம். ஆகவே சிப்பாய்கள் அதற்கு சல்யூட் அடித்தார்கள். விருந்தில் அதற்குத் தனி நாற்காலி போட்டு, வாத்துத் தொடையும் முட்டைக்கோசும் பரிமாறினார்கள். இளவரசர் அந்தஸ்தில் பெரியவர் என்பதால் கோமகன் எபெர்ஹார்ட்டுக்கு முன்பே பூட்ஸுக்குத்தான் தட்டு வந்தது.

இதே பூட்ஸ் இந்த வீட்டுக்கு வருவது மூன்றாவது தடவை. முதலில் மூத்தவள் ஹெட்விக்கைக் கூட்டிப் போயிற்று. பூட்ஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தவள் பதினாலு வயது ஓட்டிலி. ஹெட்விக் பதினான்கு மாதம் உயிரோடு இருந்தாள். பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: மணப்பெண் வாரிசு தராமல் இறந்தால் ஓராண்டுக்குள் அடுத்த தங்கையை அனுப்ப வேண்டியது. பூட்ஸ் மறுபடி வந்தது, புதுப் பாலிஷோடு. கரோலின் போனாள். அவள் பதினோரு மாதம். இரண்டு தடவையும் திரும்பி வந்தது ஒரு கொத்து முடியும், இவர்கள் சீதனமாகக் கொடுத்தனுப்பிய படுக்கை விரிப்புகளும்தான். அவற்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மூலை பிசகாமல் மடித்திருந்தார்கள். அந்த மடிப்பைப் பார்த்த நாளிலிருந்து ஓட்டிலி சிரிப்பதை விட்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது. சிரித்தாள். எதிரில் இருந்தவர்களுக்குத்தான் அதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது.

ஓட்டிலிக்குப் பிறகு தங்கை லிஸ்பெட் ஒருத்திதான் மிச்சம். வயது பன்னிரண்டு. முயல் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓட்டிலி அப்பாவின் அறைக்குப் போனாள். கோமகன் வம்சாவளிப் படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை மகளுக்கு என்ன முறை ஆகவேண்டும் என்று விரலால் தடவிக்கொண்டிருந்தார். அம்மா வழியில் மாமா ஆனான். அப்பா வழியில் அண்ணன் ஆனான். ஒரு கொள்ளுப்பாட்டி வழியாகப் போனால் சித்தப்பாவும் ஆனான். இரண்டு அக்காக்களின் புருஷன் என்பது தனி.

"இத்தனை முறை இருக்கு, ஒரு முறைகூட நேர்ல வரலையேப்பா" என்றாள் ஓட்டிலி. "என் மூக்கைப் பத்திக் கேள்விப்பட்டுப் பயந்துட்டாரா?"

கோமகன் தலை நிமிரவில்லை. "ஒப்பந்தம்மா. நாற்பது சிப்பாய் வெச்சிருக்கேன். அவன்கிட்ட ஆறாயிரம் பேர். நான் என்ன பண்ணட்டும்?"

"ரெண்டு பேரை அனுப்பினீங்க. விரிப்பு வந்துது. நாளைக்கு நான் போறேன், அதே விரிப்புதான் பெட்டியில இருக்கு. அடுத்த வருஷம் லிஸ்பெட்டுக்கும் அதையே வெச்சுக்கலாம், புதுசு நெய்ய வேண்டாம்."

கோமகன் படத்தைச் சுருட்டத் தொடங்கினார். கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும் என்று ஓட்டிலிக்குத் தோன்றியது; அந்த நினைப்பே அவளுடைய கோபத்தை இன்னொரு மடங்கு ஆக்கியது. அவள் வெளியே போனதும் அவள் நின்ற இடத்தில் கம்பளம் கருகியிருந்தது. வேலைக்காரிகள் அதன் மேல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் மூன்று மணிக்குப் பெரிய கூடத்தில் கட்டில் போட்டிருந்தது. ஓட்டிலி கல்யாண உடையோடு வலப்பக்கம் படுத்தாள். ஹார்ட்டன்பிருக் தூதர் பாரன் க்னோப், கீல்வாதத்தால் நொண்டிக்கொண்டே வந்து, மெத்தையிலிருந்து பூட்ஸை எடுத்து இடப்பக்கம் வைத்துப் போர்வையை இழுத்துவிட்டார். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். பக்கத்தில் பாலிஷ் வாசனை அடித்தது. ஹெட்விக்கும் கரோலினும் இந்த வாசனையோடுதான் படுத்திருந்தார்கள், இதே கூரையைப் பார்த்துக்கொண்டு. ஓட்டிலி தலையைத் திருப்பி பூட்ஸுக்குள்ளே பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. இத்தனை வருஷம் சல்யூட் அடித்தவர்களில் ஒருவரும் அதற்குள் எட்டிப் பார்க்கவில்லை.

ஜெபம் ஆமென் சேர்வதற்குள் அவள் போர்வைக்கடியில் இடது காலை மடக்கி பூட்ஸுக்குள் விட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி? நான்கு தலைமுறையாக இரண்டு வீட்டுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில் எல்லோருக்கும் ஒரே பாதம். இரண்டாவது விரல் மட்டும் கட்டைவிரலைவிட நீளம். பூட்ஸில் அந்த விரலுக்கென்றே ஒரு குழி இருந்தது.

ஓட்டிலி எழுந்து தரையில் நின்றாள். சிப்பாய்கள் பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்தார்கள்.

"கழற்றுங்க இளவரசி" என்றார் பாரன் க்னோப். "இது விளையாட்டு இல்லை."

"இளவரசரோட காலைப் பிடிச்சு இழுத்தா உங்க ஊர்ல என்ன தண்டனை பாரன்?"

பாரன் பொய் சொல்லிப் பழகாதவர். "கையை எடுத்துருவாங்க" என்றார்.

"அப்ப உங்க கையை நீங்களே வெச்சுக்குங்க. எழுதறதுக்கு வேணும்."

அவள் சொல்ல, அவர் எழுதினார். இந்த வீட்டிலிருந்து இனி ஒரு பெண்ணும் ஹார்ட்டன்பிருக்குக்குப் போகமாட்டாள். தங்கை ஷரத்து ரத்து. லிஸ்பெட்டின் பெயர் எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது. மணப்பெண் பயணமும் ரத்து, ஏனென்றால் மாப்பிள்ளை இங்கேயே இருக்கிறார். எழுதி முடித்ததும் ஓட்டிலி பூட்ஸால் தரையில் ஒரு முறை தட்டினாள். கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகள் பதினெட்டும் உடைந்தன. பத்திரத்தின்படி அது இளவரசரின் சம்மதம். பாரன் முத்திரை குத்தினார். கோமகன் எபெர்ஹார்ட் தன்னைவிட அந்தஸ்தில் பெரியவர் முன்னால் நிற்கிறோம் என்பதை உணர்ந்து தொப்பியைக் கழற்றி, மகளுக்குத் தலை வணங்கினார். நிமிர அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

இரண்டு நாள் கழித்து ஹார்ட்டன்பிருக்கிலிருந்து குதிரைக்காரன் கால் விஷயத்தைக் கொண்டுவந்தான். மருத்துவர்கள் லாயத்து வைக்கோலைக்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டார்களாம். ஆறாயிரம் சிப்பாய்களை அனுப்பலாமா என்று அங்கே யோசித்தார்கள். ஆனால் இளவரசர் ஒரு காலை கிராஃபன்மோரில் வைத்துக்கொண்டு கிராஃபன்மோர் மேல் படையெடுத்தால், தன் மேலேயே படையெடுத்ததாகாதா என்று சட்டப் பண்டிதர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை முடிவு வரவில்லை. இளவரசர் காலைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் எழுதினார். ஓட்டிலி ஒரு வரியில் பதில் போட்டாள்: என் அக்காக்கள் இரண்டு பேரையும் அனுப்புங்கள், தருகிறேன். அவர் மறுபடி எழுதவில்லை.

வருஷங்கள் ஓடின. ஓட்டிலி தூங்கும்போதும் அந்த பூட்ஸைக் கழற்றுவதில்லை. சனிக்கிழமை காலையில் குளிக்க மட்டும் அரை மணி நேரம் கழற்றுவாள். அந்த அரை மணி நேரம் ஹார்ட்டன்பிருக் இளவரசர் முற்றத்தில் இரண்டு காலோடு நடப்பார். அந்த ஊர்க்காரர்கள் அதற்குச் சனிக்கிழமை நடை என்று பெயர் வைத்து, கடிகாரத்தைச் சரிசெய்யவும் அதை வைத்துக்கொண்டார்கள். பக்கத்து நாடுகளில் பூட்ஸ் அனுப்புகிற வழக்கம் சத்தமில்லாமல் நின்றுபோயிற்று. தொப்பி, கையுறை அனுப்பிக்கொண்டிருந்தவர்களும் பெண் கேட்க நேரிலேயே வரத் தொடங்கினார்கள்.

லிஸ்பெட் இருபத்து நாலு வயதில், முயல் வாங்க வந்துபோன ஒரு வன அதிகாரியைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். வம்சாவளிப் படத்தில் அவன் எங்கேயும் இல்லை. கல்யாணத்தன்று அவன் மழையில் நடந்தே வந்தான். ஓட்டிலி அவனை வாசலில் நிறுத்தி, இரண்டு பூட்ஸையும் கழற்றச் சொல்லி, இரண்டிலும் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இருந்தது. ஒரு காலுறையில் ஓட்டைகூட இருந்தது. அதன் வழியாக வெளியே தெரிந்த கட்டைவிரல் பக்கத்து விரலைவிட நீளமாக இருந்ததையும் பார்த்துக்கொண்டு, "உள்ள வாங்க, சூப் ஆறுது" என்றாள்.