ஆகாது என்று எழுதிய பெட்டி

துப்பாக்கி சுடும் மன்றத்தில் சொந்தமாக ஒன்று இல்லாதவர்கள் ஏழு பேர். அதில் இருவர் அக்கா தங்கை. அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து மன்றம் கொடுத்திருந்தது ஒன்பதாம் எண் துப்பாக்கி. பென்சில் தடிமன்கூட இல்லாத சின்னத் தோட்டா போட்டு, ஐம்பது மீட்டர் தள்ளி வைத்த அட்டையைச் சுடுவதற்கானது. பெரியவள் திங்கள், செவ்வாய். சின்னவள் புதன், வியாழன், வெள்ளி. சனிக்கிழமை சேர்ந்து வருவார்கள். ஒரே சீப்பை இருவரும் எடுத்தாலே வீட்டில் சண்டை வரும். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் ஐந்து வருடமாக ஒரு சண்டையும் வந்ததில்லை.

வெளியூர்ப் பெரிய போட்டிக்கு மன்றத்திலிருந்து ஒரு பெண் போகலாம். ஒரே ஒரு இடம்தான்; அதற்கு ஒரு தேர்வு உண்டு. மூன்று வருடமாகப் பெரியவளுக்கு அது மயிரிழையில் தவறியது. போன வருடம் ஒரு புள்ளி. அதற்கு முந்தைய வருடம் காய்ச்சல். அதற்கும் முந்தைய வருடத்தைப் பற்றி அவள் பேசுவதில்லை. இந்த முறை விட்டால் அவ்வளவுதான். அவள் வேலை பார்க்கும் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் அடுத்த மாதத்திலிருந்து அவளை மாலை ஷிப்டுக்கு மாற்றுகிறார்கள். வார நாட்களில் சுடுதளம் திறப்பதே மாலையில்தான். வாரக்கடைசி மட்டும் வந்து சுட்டு யாரும் தேறியதாகச் சரித்திரம் இல்லை.

தொழிற்சாலையில் அவள் தரப் பரிசோதகி. ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் பத்து பாட்டில் எடுப்பாள். இயந்திரத்தில் வைத்து உடையும்வரை அழுத்துவாள். பத்தும் தாங்க வேண்டிய அளவு தாங்கினால் அந்தத் தொகுப்பு லாரி ஏறும். தாங்காவிட்டால் சிவப்பு மார்க்கரால் அட்டைப் பெட்டியில் 'ஆகாது' என்று எழுதுவாள். பதினோராவது பாட்டிலை உடைத்தால் மேலாளர் முகம் கோணும். பத்துதான் கணக்கு. பன்னிரண்டு வருடமாக அவள் உடைத்துத் தள்ளியதை அடுக்கினால் ஒரு தெருவே நிறையும்.

தோட்டாக்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். தேர்வுக்கு எட்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம், விளையாட்டுச் சாமான் கடைக்கு இருவரும் போனார்கள். முன்பக்கம் பந்தும் மட்டையும் தொங்கும். உரிமச் சீட்டைக் காட்டினால் கடைக்காரர் பின்பக்க இரும்பு அலமாரியைத் திறப்பார்.

"போட்டித் தோட்டா வந்திருக்கும்மா. வக்கீல் ஐயா பத்துப் பெட்டி எடுத்தார்" என்றார்.

"அது வக்கீல் ஐயா வாய் சம்பாதிக்கிற காசுக்கு ஆகும் அண்ணே. எங்க வாய்க்கு ஏத்தது எதாவது காட்டுங்க" என்றாள் சின்னவள். அவள் பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பு மேசையில் இருப்பவள். யாரையும் இரண்டு வார்த்தையில் சிரிக்க வைத்துவிடுவாள்.

கடைக்காரர் பயிற்சித் தோட்டாக்களில் நான்கு வகை எடுத்து வைத்தார். சிவப்புப் பெட்டி, பச்சைப் பெட்டி, நீலப் பெட்டி, எல்லாவற்றிலும் விலை குறைந்த மஞ்சள் பெட்டி. முதல் மூன்றும் அவர்கள் எப்போதும் சுடும் கம்பெனி, மஞ்சள் மட்டும் வேறு. மலிவுத் தோட்டாவில் சூட்சுமம் இதுதான்: ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் தொகுப்பு எண் மாறினால் சுபாவம் மாறிவிடும். அதுவும் ஒவ்வொரு துப்பாக்கிக்கு ஒவ்வொன்று பிடிக்கும். பக்கத்துத் துப்பாக்கியில் பொன்னாய்ப் போவது நம்முடையதில் புழுதியாய்ப் போகும். எது ஒத்துக்கொள்ளும் என்று சுட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒத்துக்கொண்டால் அந்த எண்ணில் இருக்கிற பெட்டியையெல்லாம் அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். அப்புறம் அது கிடைக்காது.

வகைக்கு ஒன்றாக நான்கு பெட்டி வாங்கிக்கொண்டு சுடுதளத்துக்குப் போனார்கள். நீளமான தகரக் கூரைக் கட்டடம். கூரைக்குக் கீழே மூன்று மின்விசிறி, அதில் ஒன்றுதான் சுற்றும். பெரியவள் மணல் மூட்டையில் துப்பாக்கியைப் படுக்கவைத்தாள். நோட்டில் நான்கு கட்டம் போட்டாள். பெட்டிக்குப் பத்து தோட்டா. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று வரிசையாக.

மன்றச் செயலாளர் தேநீரோடு பின்னால் வந்து நின்றார். எதற்கும் அரைப் புள்ளிக்காக வாதாடுவார் என்பதால் அவருக்கு அரைப்புள்ளி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"என்னம்மா, நாலு கடைச் சாப்பாட்டை ஒரே வேளையில போடுறீங்க? அது வயிறா, வண்ணான் தாழியா? சாப்பாடு மாத்தினா ரெண்டு நாள் புரட்டத்தானே செய்யும்."

"துப்பாக்கிக்கு ஏது சார் வயிறு?" என்று சின்னவள் கேட்டாள்.

"குண்டு மேல மெழுகு தடவியிருக்கான்ல? கம்பெனிக்கு ஒரு மெழுகு. பழைய மெழுகு குழல்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். அது போய்ப் புதுசு படியணும். அதுவரைக்கும் கன்னாபின்னான்னுதான் போகும்" என்றார். சொல்லிவிட்டு, மின்விசிறிக்கும் இதே நோய்தான், பழைய எண்ணெய் உறைந்துவிட்டது என்று மேலே காட்டிச் சிரித்தார். சகோதரிகளும் சிரித்தார்கள். அரைப்புள்ளி தினமும் இப்படி ஏழெட்டு விஷயம் சொல்வார். போன வாரம் புளித்த மோர் குடித்தால் கை நடுங்காது என்றார்.

பெரியவள் பத்துப் பத்தாகச் சுட்டாள். சிவப்பு பரவாயில்லை. பச்சை மோசம். நீலத்தின் பத்துத் துளைகளும் ஒரு கோட்டுப் பித்தானுக்குள் அடங்கின. மஞ்சளோ, கைப்பிடிக் கடுகை வீசினாற்போல் அட்டை முழுக்கச் சிதறியது.

பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து மஞ்சள் பெட்டியின் நெற்றியில் 'ஆகாது' என்று எழுதினாள். மீதி நாற்பது தோட்டாவைத் தங்கையிடம் தள்ளினாள்.

"இதைச் சும்மா கை பழக வச்சுக்கோ."

"குப்பைன்னா என் கிட்ட வந்துடும்" என்றாள் சின்னவள்.

கடைக்குத் திரும்பி, அங்கிருந்த ஆறு நீலப் பெட்டியையும் வாங்கி, மூன்று மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். எண்ணிப் பிரித்தவள் பெரியவள்தான்.

திங்களும் செவ்வாயும் அவள் நீலத்தில் சுட்டாள். திருப்தியாக இருந்தது. புதனிலிருந்து துப்பாக்கி தங்கையின் கைக்குப் போனது. பெரியவள் தொழிற்சாலையில் உடைத்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு நாள், "எப்படிப் போகுது?" என்று கேட்டாள்.

"எப்பவும் போல. ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க" என்றாள் சின்னவள், தட்டைப் பார்த்தபடி. கடைசிச் சனிக்கிழமை தொழிற்சாலையில் அவசர வேலை. பெரியவளால் சுடுதளத்துக்கு வர முடியவில்லை.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை. விடுமுறை நாளில் ஒன்பது மணிக்கு முன்னால் கண் திறக்காத சின்னவள், அக்கா பல் விளக்கும்போதே செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"முன்னாடி போய்க் கொஞ்சம் கையைச் சூடு பண்ணிக்கிறேன்."

"உனக்கு என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா. "சூரியன் மேற்கே உதிச்சிருச்சா?"

பெரியவளுக்கு அப்போது உள்ளூர ஒரு பெருமைகூட வந்தது. இவளுக்கும் பொறுப்பு வருகிறதே என்று.

ஒரே துப்பாக்கி என்பதால் ஒருவர் பின் ஒருவராகச் சுட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் சின்னவள் முதலில் வந்தாள். பத்து தோட்டா பழக்கத்துக்கு, நாற்பது புள்ளிக்கு. பெரியவள் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். தங்கையின் பாயில் நீலப் பெட்டி திறந்திருந்தது. ஒன்பது, பத்து, பத்து, ஒன்பது, பத்து. தங்கை இவ்வளவு நன்றாகச் சுட்டு அவள் பார்த்ததே இல்லை. முன்னூற்று எழுபத்தேழு.

"பலே!" என்றார் அரைப்புள்ளி.

பெரியவளால் அதை எட்ட முடியும். திங்கட்கிழமை முன்னூற்று எண்பத்திரண்டு சுட்டவள். பாயில் படுத்தாள். துப்பாக்கி இன்னும் தங்கையின் கன்னச் சூட்டோடு இருந்தது. தன் நீலப் பெட்டியைப் பிரித்துப் பழக்கத் தோட்டாவைப் போட்டாள். ஏழு, வலப்புறம். அடுத்தது எட்டு, மேலே. அடுத்தது மறுபடி வலது.

அவள் துப்பாக்கியைச் சந்தேகிக்கவில்லை, தோட்டாவையும் சந்தேகிக்கவில்லை. இரண்டையும் சோதித்து எழுதி வைத்தவள் அவளல்லவா? இதே துப்பாக்கியில், இதே நீலத்தில், பத்து நிமிடம் முன்பு தங்கை சுட்டுக் காட்டிவிட்டாள். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். என் கை. என் மூச்சு. முக்கியமான நாளில் எப்போதும் சொதப்புகிற நான். குண்டு விழும் இடத்தை மாற்ற, பின்குறியின் திருகை இடப்பக்கம் இரண்டு க்ளிக் நகர்த்தினாள். புள்ளிக் கணக்கு தொடங்கியது. ஒன்பது, எட்டு, எட்டு. கீழே ஒரு க்ளிக். ஒன்பது. எட்டு. முதல் பத்தில் எண்பத்தெட்டு.

இரண்டாவது பத்தின் நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. துளைகள் சிதறுவதை நிறுத்தின. அடுத்த ஐந்து குண்டும் ஒரு பித்தானுக்குள் போய் உட்கார்ந்தன. ஆனால் நடுவில் அல்ல, இடப்பக்கக் கீழ் ஓரத்தில். கை நடுங்கினால் இப்படி ஒரே இடத்தில் போகாது. அவள் திருகை நகர்த்திய அளவுக்கு அச்சாக அந்தப் பித்தான் நகர்ந்திருந்தது.

பெரியவள் துப்பாக்கியிலிருந்து கன்னத்தை எடுத்தாள். தகரக் கூரை, மின்விசிறி, தேநீர்க் கோப்பையோடு அரைப்புள்ளி. 'அதுவரைக்கும் கன்னாபின்னான்னுதான் போகும்.' பாட்டிலுக்கு முந்தைய பாட்டிலின் ஞாபகம் இருக்காது. குழலுக்கு இருக்கிறது. இந்தக் குழலில் யாரோ வேறு மெழுகைப் பூசியிருக்கிறார்கள். காலையிலிருந்து இந்தத் துப்பாக்கியைத் தொட்டவர்கள் இரண்டே பேர்.

திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். இரண்டாவது பத்தில் தொண்ணூறு. மூன்றாவதில் தொண்ணூற்றெட்டு. கடைசிப் பத்தில் தொண்ணூற்றொன்பது. வாழ்நாளில் அவள் சுட்ட மிகச் சிறந்த இருபது குண்டு அதுதான். மொத்தம் முன்னூற்று எழுபத்தைந்து.

"ரெண்டே புள்ளி!" என்று அரைப்புள்ளி உச்சுக்கொட்டினார். "போகட்டும்மா, இடம் உங்க வீட்டை விட்டு எங்கயும் போகலையே."

சின்னவள் கை கழுவப் போயிருந்தாள். பெரியவள் அவளுடைய பையைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. துண்டுக்கு அடியில் நான்கு மஞ்சள் பெட்டிகள் இருந்தன. ஒன்று பிரிக்காதது. இரண்டு காலி. நான்காவதன் நெற்றியில் அவளுடைய கையெழுத்தே சிவப்பாக அவளைப் பார்த்தது: ஆகாது.

பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் பெரியவள் அந்தப் பெட்டியை எடுத்துத் தங்கையின் மடியில் வைத்தாள்.

சின்னவள் அதைப் பார்த்தாள். முகம் மாறவில்லை. "நீதானேக்கா வேண்டாம்னு எழுதிக் குடுத்த?"

"நீலப் பெட்டிக்குள்ள ஏன் போட்டு வச்சே?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? நம்பியிருப்பியா? பத்து சுடுறேன், இன்னொரு பத்து சுடுறேன்னு சோதிச்சே தீத்திருப்ப. கடையில மூணே பெட்டிதான் இருந்துச்சு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? உன் மிச்சத் தோட்டா, உன் மிச்ச நாள், உன் பழைய கோட்டு. ஒரு தடவை நான் போறேனே."

பெரியவளுக்கு அதற்குப் பதில் இருந்தது. நான்கு விதமாக இருந்தது. அவற்றை விட்டுவிட்டு, தொழிற்சாலையில் மேலாளரிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"புதன்கிழமை நீ சுடும்போது எத்தனையாவது தோட்டாவில படிஞ்சுது?"

"இருபத்தஞ்சு."

சொன்ன பிறகுதான் சின்னவளுக்கு உறைத்தது. மாதச் சம்பளத்தையே எண்ணிப் பார்க்காமல் பைக்குள் திணிப்பவள் அவள்.

"எண்ணினியா?"

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு மருந்துக்கடை போயிற்று. ஒரு பள்ளிக்கூடச் சுவர் போயிற்று.

"எண்ணினேன்" என்றாள் கடைசியில்.

காலையில் முன்னதாகப் போய்க் குழலை மஞ்சளுக்குப் படிய வைத்ததும் அந்தக் கணக்கில்தான். பின்னால் வருகிற நீலத்துக்கு இருபத்தைந்து குண்டு சிதறும் என்பதும் அதே கணக்கில் வந்துவிடுகிறது. குலுக்கலில் தான் முதலில் வருவோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க முடியாது. வந்த பிறகு வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியவள் இதையெல்லாம் தனக்குள் கட்டம் போட்டுப் பார்த்தாள். எல்லாக் கட்டத்திலும் ஒரே விடை வந்தது.

வீட்டில் அம்மா கதவைத் திறந்ததும், "யாருக்கு?" என்றாள்.

"நம்ம வீட்டுக்குத்தாம்மா" என்றாள் பெரியவள்.

இரண்டு நாள் கழித்து, சின்னவள் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கதவின் தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டினாள்.

"அக்கா, மஞ்சள்ல ஒரு பெட்டிதான் இருக்கு. பெரிய போட்டிக்குப் பத்தாது. கடைக்காரர் அந்த எண் இனிமே வராதுங்கிறார். புதுசா அஞ்சு கம்பெனித் தோட்டா வந்திருக்காம்." மேசைப் பக்கம் பார்த்தாள். "எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது. நீதான் பொறுமையா பாப்ப. ஒரு நல்லதா கண்டுபிடிச்சுக் குடேன்."

பெரியவள் ஒரு தலையணை உறையை நான்காக மடித்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தாள். சிவப்பு மார்க்கரை எடுத்து மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"சரி. வாங்கிட்டு வா."

"நிஜமாவா?"

"வகைக்குப் பத்து தோட்டா" என்றாள் பெரியவள், நோட்டில் ஐந்து கட்டம் போட்டபடி. "ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது. பத்துக்கு மேல நான் சுடுறதில்லை, உனக்குத் தெரியுமே."

தாழ்ப்பாள் ஆடுவது நின்றது. பெரியவள் தலை நிமிரவில்லை. கோடுகளை நேராக இழுத்து முடித்தாள்.